விலை ஏறுகிறது, விளைநிலத்துக்கு என்ன வருகிறது?
(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கல்லூரி அணியில் மூன்று வருடம் பின்கள ஆட்டக்காரனாக இருந்தவன் என்ற ஒரே தகுதியில் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். தலைப்பு, கால்பந்து வீரர்களின் மாற்றுத் தொகை. இன்னும் எவ்வளவுதான் ஏறும் என்று தம்பிகள் கேட்கிறார்கள்.

1905ல் இங்கிலாந்தில் ஆல்ஃப் காமன் என்பவரை மிடில்ஸ்பரோ கிளப் 1000 பவுனுக்கு வாங்கியபோது, 'மனுஷனுக்கு இவ்வளவு விலையா!' என்று ஊரே வாயைப் பிளந்தது. 1979ல் ட்ரெவர் ஃபிரான்சிஸ் பத்து லட்சம் பவுனைத் தொட்டார். 2017ல் நெய்மர் பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் போனது 22 கோடியே 20 லட்சம் யூரோவுக்கு. அன்றைய நம்ம பணத்தில் 1600 கோடிக்கு மேல்!

இந்தத் தொகை உண்மையில் எதற்கு? ஆளுக்கு விலை இல்லை. ஒப்பந்தத்தில் மீதி இருக்கும் காலத்துக்கு விலை. பெல்ஜியத்தில் பாஸ்மன் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டு, ஒப்பந்தம் முடிந்தவரைப் பணம் கேட்டுத் தடுக்கக் கூடாது என்று 1995ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். அதன்பிறகு கிளப்கள் நல்ல ஆட்டக்காரரை நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போட ஆரம்பித்தன. தொலைக்காட்சிப் பணமும் கொட்டியது. அந்த வரவு பெருகும் வரைக்கும் விலையும் ஏறும்.

நம்ம நாட்டுக் கதை வேறு. கொல்கத்தாவில் அந்தக் காலத்தில் சீசன் வந்தால், ஆட்டக்காரரை எதிர்க் கிளப்காரர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்துக் கையெழுத்து வாங்குவார்களாம்! 1997ல் கொச்சியில் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். நம்ம தமிழ்நாட்டு ராமன் விஜயனும் அதில் ஆடினார். முதல் வருடமே டூரண்ட் கோப்பை. ஆனால் சில வருடத்திலேயே பணமில்லாமல் கதவைச் சாத்த வேண்டி வந்தது. 2015 ஐ.எஸ்.எல். ஏலத்தில் சுனில் சேத்ரிக்கு 1 கோடியே 20 லட்சம். அதே ஐ.எஸ்.எல். 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலில் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளை நிறுத்திவைத்தது. ஆடுகளம் மூடிக்கிடந்தால் கோடி ரூபாய் ஆட்டக்காரனும் வீட்டில்தானே உட்காரணும்?

அதனால் 'எவ்வளவு ஏறும்' என்பதைவிட, 'ஏறுகிற பணம் எங்கே போகிறது' என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. இந்த மலைக்காரர்களுக்கு அது புதுசு இல்லை. தேனும் புளியும் சாமையும் கீழே கடைத்தெருவில் என்ன விலைக்குப் போனாலும், மேலே சேகரித்தவர் கைக்கு வருவது எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும்.

கால்பந்தில் இதற்கு ஒரு விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2001ல் ஃபிஃபா கொண்டுவந்தது. ஒப்பந்தக் காலத்திலேயே ஒருவர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்களுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்குக் கால் சதவீதம், பிறகு வருடத்துக்கு அரை சதவீதம். நெய்மரை 2013லேயே விற்றுவிட்ட பிரேசிலின் சான்டோஸ் கிளப்புக்கு, 2017 விற்பனையிலும் பங்கு போனது இந்த விதியால்தான். உள்நாட்டு மாற்றத்துக்கும் பயிற்சி தந்தவருக்குப் பலன் கிடைக்க வழி செய்யணும் என்று தேசியச் சங்கங்களுக்கும் ஃபிஃபா சொல்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். இந்த மலையில் ஒரு பையன் 12 முதல் 15 வயது வரை நாலு வருடம் ஒரு கிளப்பில் ஆடுகிறான். பின்னாளில் வெளிநாட்டுக் கிளப் ஒன்று அவனை 10 கோடிக்கு வாங்குகிறது. அந்த மலைக் கிளப்புக்கு ஒரு சதவீதம், பத்து லட்சம். நூறு பிள்ளைகளுக்கு ஷூ, பந்து, முட்டை, பஸ் செலவு எல்லாம் அதில் அடங்கும்.

ஆனால் ஒன்று. அந்தக் கிளப் சங்கத்தில் இணைந்திருக்க வேண்டும். பையன் பெயர் அந்த வயதிலேயே பதிவாகியிருக்க வேண்டும். 'நான்தான் சார் சொல்லிக்கொடுத்தேன்' என்று பின்னால் போய் நின்றால் செல்லாது. காகிதம் பேசணும்.

இன்று மாலைப் பொதுக்குழுவில் நம் விளையாட்டு நிதியைப் பற்றி முடிவெடுக்கப் போகிறோம். ரொக்கப் பரிசோடு ஒருநாள் கோப்பைப் போட்டி நடத்தலாம் என்பது ஒரு யோசனை. நல்ல யோசனைதான், போட்டோ நன்றாக வரும். என் வேண்டுகோள் வேறு. அந்தப் பணத்தில் மலைப் பிள்ளைகளுக்கு ஒரு கிளப் தொடங்குவோம். மாவட்ட, மாநிலக் கால்பந்து சங்கங்கள் வழியாக முறைப்படி இணைப்போம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, இந்த சீசனிலேயே பதிவு செய்வோம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுப்பதே முதல் வேலை.

பத்து லட்சம் வருமா? பெரும்பாலும் வராது. நூற்றில் ஒருவன் மாநில அணிக்குப் போவதே பெரிது. ஆனாலும் ஒழுங்கான கிளப்பும் வாரம் நாலு நாள் பயிற்சியும் மீதி தொண்ணூற்றொன்பது பேருக்கும் மிஞ்சும். தம்பிகளே, பயிற்சி தர நீங்கள் மேலே ஏறி வாருங்கள். நண்பர்களே, பணத்தை நாம் பார்த்துக்கொள்வோம்.