கூட்டிச் சென்றானா, கூடச் சென்றாளா?

சட்டமும் மொழியும் பற்றிப் பேச நம்மைக் கேரளத்தின் கும்பளங்கிக்கு வரவழைத்த நண்பர்களுக்கு என் நன்றி. தலைமையுரை என்றால் எல்லாவற்றையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அந்தச் சொல்லுக்குத் தவறாகப் பொருள் கொண்டதால் ஓர் இளைஞருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சரியாகப் பொருள் கொண்டதால் அவர் விடுதலையானார்.

1960 செப்டம்பர் 30, சென்னை. 18 வயது நிறைய ஆறு வாரமே பாக்கி இருந்த ஒரு கல்லூரி மாணவி. பக்கத்து வீட்டு இளைஞரோடு அவள் பழகுவது தெரிந்ததும், நுங்கம்பாக்கத்திலிருந்து கோடம்பாக்கத்து உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார் அப்பா. மறுநாள் காலை அவள் அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தாள். அந்த இளைஞருக்குப் போன் செய்தாள். அதே பகுதியில் ஒரு சாலையைச் சொல்லி வரச் சொன்னாள். தானே அங்கு போய்ச் சேர்ந்தாள். அவருடைய காரில் ஏறினாள். வழியில் திருமாங்கல்யமும் இரண்டு குண்டும் வாங்கினார்கள். பார்த்து எடுத்தவள் அவள்தான். பிறகு பதிவாளர் அலுவலகம். அதன்பின் சாத்தூர், கோயம்புத்தூர், தஞ்சாவூர். ஒரு மாதம் கழித்துத் தஞ்சாவூரில் போலீஸ் அவர்களைக் கண்டுபிடித்தது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு, மைனரைக் காப்பாளரின் பொறுப்பிலிருந்து அவர் சம்மதமின்றிக் கொண்டுபோவதையும், ஆசைகாட்டி அழைத்துப் போவதையும் ஆள்கடத்தல் என்றது. மைனரின் சம்மதம் கணக்கில் வராது. எழும்பூர் மாஜிஸ்திரேட் ஓராண்டு கடுங்காவல் விதித்தார். உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நான் இப்போது சொன்ன வாக்கியங்களை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். வந்தாள், செய்தாள், சொன்னாள், சேர்ந்தாள், ஏறினாள். சாட்சியத்தில் இருந்த வினைகளுக்கெல்லாம் எழுவாய் அவள். தீர்ப்பில் மட்டும் 'கொண்டுபோனான்' என்ற ஒரே வினை, அதற்கு எழுவாய் அவர். இரண்டு நீதிமன்றங்களில் அவளை ஒரு சாமானைப்போல இடம் மாற்றி வைத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உச்ச நீதிமன்றம் 1964 செப்டம்பர் 9 அன்று அந்தத் தண்டனையை ரத்து செய்தது. எஸ். வரதராஜன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். சுப்பா ராவ், இதாயதுல்லா, முதோல்கர் அமர்வு. தீர்ப்பை எழுதியவர் முதோல்கர். மைனரைக் கொண்டுபோவது வேறு, தன்னோடு வர விடுவது வேறு என்றார் அவர். செய்வது இன்னதென்று அறியக்கூடிய பெண் தானாகவே வீட்டைவிட்டு வந்து சேர்ந்திருக்கிறாள். வெளியேறும் எண்ணத்தை அவள் மனதில் உண்டாக்குவதில் அவருக்குப் பங்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டிய சட்டக் கடமையும் அவருக்கு இல்லை. சம்மதம் செல்லாது என்ற விதியை நீதிமன்றம் தொடவே இல்லை. அதற்கு முன்னால் நிற்கும் கேள்வியைத்தான் கேட்டது: கொண்டுபோன செயல் நடந்ததா?

நம் பேச்சுத் தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. 'கூட்டிக்கிட்டுப் போயிட்டான்' என்று பெண் வீட்டார் சொல்வார்கள். 'அவதான் கூடப் போனா' என்று தெருவில் சொல்வார்கள். வழக்கு முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நடந்தது.

தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதில் ஓர் இடம் உறுத்துகிறது. இவள் நகரத்தில் வளர்ந்த கல்லூரி மாணவி, படிப்பறிவில்லாத கிராமத்துப் பெண்ணைவிடத் தானாக யோசித்துச் செயல்படக் கூடியவள் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. நேற்று மாலை இந்தக் காயல் கரையில் நடந்தேன். சீனவலைக்கு அப்பால் ஒரு கொட்டகையில் பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். கூலிக் கணக்கில் ஏதோ பிசகு போலிருக்கிறது. பெரியவர்களெல்லாம் பேசாமல் இருக்க, வந்திருந்ததிலேயே இளையவள் எழுந்து நின்று கணக்கை எண்ணிக் காட்டினாள். அவளுக்குத் தன் மனம் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

எல்லா வழக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த பத்தாண்டுக்குள் அரியானாவிலிருந்து வந்த ராஜாராம் வழக்கில், 14 வயதுச் சிறுமியை ஆள் வைத்துத் தூண்டி வரவழைத்ததைக் கடத்தல் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவில் அதே வினைச்சொல் இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் வந்தபின் 18 வயதுக்குட்பட்டவர்களின் காதல் வழக்குகள் இன்னும் கடுமையாகிவிட்டன. காதலிக்கும் வளரிளம் பருவத்தினரைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் விஜயலட்சுமி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இங்கே எர்ணாகுளத்தில், வயது வந்த ஹாதியா என்ற பெண்ணின் திருமணத்தையே 2017-இல் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றதும், 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுத் தந்ததும் உங்களுக்குத் தெரிந்தவை.

முதல் அமர்வில் 137-ஆம் பிரிவின் தமிழ், மலையாள வடிவங்களை வரிவரியாகப் படிக்க இருக்கிறோம். அந்த வினைச்சொல்லுக்கு இரு மொழிகளிலும் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொண்டு, அவரை மேடைக்கு அழைக்கிறேன்.