பழைய காரின் புகைக் கசிவு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோர் புத்தூரை அடைகின்றனர். நிலாவரைக் கிணற்றினாற் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டக் கிராமங்களிலும் விடியற்காலையில் ஒரு கார் கிளம்பும்போது, எஞ்சினின் சீரான ஓசையினூடே ‘டிக், டிக்’ என்றொரு மெல்லிய ஒலி கேட்குமாயின், அதனைக் காருக்கு வயதாகிவிட்டது என்று தள்ளிவிடுதல் ஆகாது. கார் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜாகவோ மொறிஸ் மைனராகவோ இருப்பின் வயது ஆகியிருக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த ஒலி வயதின் ஒலியன்று. புகை கசியும் ஒலி.

இவ்வாங்கிலக் கார்கள் குடாநாட்டில் இத்தனை காலம் நிலைத்தமைக்குக் காரணங்கள் உண்டு. 1960ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையிற் கார் இறக்குமதி இறுகியது. இருந்தவற்றைப் பேணுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்பொழுது இப்பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதாக ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டுக் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இவ்வெஞ்சின்களில் புகை வெளியேறும் மனிபோல்டும் எரிபொருட் கலவை உட்செல்லும் மனிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று இணைந்து இருக்கின்றன. புகையின் வெப்பம் கலவைக்கு ஏறும்படி அமைத்த அமைப்பு அது. பிரித்தானியக் குளிருக்காகச் செய்யப்பட்டது யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க்கு உதவியது விந்தைதான்!

மனிபோல்ட் என்பது நான்கு சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுதிரட்டிச் சைலன்சர்க் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்பு உறுப்பு. நாள்தோறும் கடுஞ்சூடேறி விரிந்து, பின் குளிர்ந்து சுருங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது வளையும். சில வேளை வெடிக்கும். இடையிலுள்ள காஸ்கட் கருகும். அவ்விடைவெளியூடே வெளிப்படும் புகையில் கார்பன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்போடு அது குருதியிற் சேர்கிறது. பழைய கார்களில் எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தகட்டில் ரப்பர் கெட்ட துவாரங்கள் பல. மாரி காலத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நெடுந்தூரம் செல்லும் குடும்பத்தில் ஒருவருக்குத் தலையிடியும் இன்னொருவருக்குக் குமட்டலும் வந்தால், அதனைப் பயணக் களைப்பென்று எண்ணுவது எளிது. மேலும், காபரேற்றர் இம்மனிபோல்டுக்கு மேலே இருக்கிறது. கசியும் சூட்டுப்புகை எரிபொருளருகே வீசுவது தீக்கும் அஞ்சவேண்டிய நிலை.

பலர் இவ்வொலியைத் தப்பெற் சத்தமென்று கருதி, அதனையே திருப்பித் திருப்பிச் சரிசெய்து களைக்கின்றனர். இரண்டையும் வேறுபடுத்தல் கடினமன்று. கசிவின் ஒலி குளிர்ந்த எஞ்சினில் உரத்துக் கேட்கும். இரும்பு சூடேறி விரியும்போது குறையும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது மீண்டும் எழும். மூட்டருகே கரிக்கோடு படிந்திருக்கும். கிளப்பிய உடனே ஊதுபத்தியின் புகையை மூட்டோரம் காட்டினால், கசிவுள்ள இடத்தில் அது துடித்துச் சிதறும். எரிபொருள் கசியும் காரில் இச்சோதனை கூடாது; அங்கே நீண்ட ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து மறுமுனையால் தேடலாம்.

நோய் தெரிந்தவுடன் நட்டுகளை இன்னும் இறுக்குவதே பலரது முதல் வைத்தியம். கறள் பிடித்த ஸ்டட் அத்துடன் முறிந்துவிடும். அரை நாள் வேலை மூன்று நாளாகும். பற்றறியைக் கழற்றி, எரிபொருட் குழாயை அடைத்து, காபரேற்றரை அகற்றியபின், கறள் இளக்கும் எண்ணெயை நட்டுகளில் விட்டு ஓர் இரவு காத்திருத்தல் வேண்டும். மறுநாள் நட்டை மயிரிழை அளவு இறுக்கிப் பின் தளர்த்தினால் பிடி விடும். பழைய காஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதனை உலர்ந்தபடி சுரண்டாது, நீரால் நனைத்தே அகற்றுக.

கழற்றிய மனிபோல்டின் முகத்தைத் தடித்த கண்ணாடிமேல் வைத்து நோக்குதல் வேண்டும். ஒரு கடதாசித் தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் புதிய காஸ்கட் நெடுநாள் நில்லாது. முகத்தைக் கடைசற் பட்டறையில் மட்டப்படுத்தல் நன்று. இங்கேயொரு நுட்பம் பலருக்குத் தப்பிவிடுகிறது. இவ்வெஞ்சின்களில் ஒரே தடித்த வாசர் இரு மனிபோல்டுகளின் விளிம்புகளையும் சேர்த்து அழுத்துகிறது. ஒன்றை மட்டும் தேய்த்து மெலியச்செய்தால் வாசர் மற்றதன்மேல் மட்டுமே அமரும். தேய்த்த பக்கம் மீண்டும் கசியும். ஆகவே இரண்டையும் பூட்டி ஒன்றாகவே மட்டப்படுத்தல் வேண்டும்.

வெடிப்பு இருந்தால் பித்தளை ஒட்டுப் போதாது. கடுஞ்சூட்டில் அது வலுவிழக்கும். வார்ப்பிரும்பு முழுவதையும் முதலிற் சூடாக்கி, நிக்கல் கம்பியால் ஒட்டி, உமிச்சாம்பலுள் புதைத்து மெல்ல ஆறவிடுவர். அவசரப்பட்டு நீர் ஊற்றினால் ஒட்டின் ஓரத்திலேயே புதிய வெடிப்புத் தோன்றும். பசை பூசி மறைத்த கசிவோ சில வாரங்களில் திரும்பும். அதுவரை உள்ளே அமர்ந்திருப்போர் அதனை அறியார்.

பூட்டும்போது பித்தளை நட்டுகள் சிறந்தவை. அவை ஸ்டட்டோடு கறள் பற்றி இறுகுவதில்லை. நடுவிலிருந்து இரு பக்கமுமாகச் சிறிது சிறிதாக, ஏறத்தாழ 15 அடி-இறாத்தல் அளவுக்கு இறுக்கினால் போதும். எஞ்சினை ஒருமுறை நன்கு சூடேற்றி, முற்றாக ஆறிய பின்னர் நட்டுகளை மீண்டும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். புதிய காஸ்கட் சிறிது அமுங்கியிருக்கும். மறுநாட் காலை, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, பொனற்றைத் திறந்து காது கொடுப்பர். ‘டிக்’ ஒலி இல்லையெனத் தெளிந்த பின்னரே பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றலாம்.