துரு பிடிப்பது விதியா?

(கடலோர ஊர்ப் பொதுக்கூட்டமொன்றில் பேசியதின் சாராம்சம்)



இந்தக் கடற்கரைப் பக்கத்தில் ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள், படகின் போல்ட்டு எதைத் தொட்டாலும் துரு கையோடு வருகிறது. ஏனென்று கேட்டால், "உப்புக் காற்று, நாம் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். ஜன்னல் கம்பி போனால் பணத்தோடு போயிற்று. கூரைக் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி போனால், கீழே தூங்குகிறவன் தலையுமல்லவா போகும்? ஆகவே காரணத்தை ஆராய வேண்டியது அவசியமாகும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும். ஆக்சிஜன் என்கிற பிராணவாயுவும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. உப்பு என்ன செய்கிறது? காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் வைத்துக் கொள்ளுகிறது. அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் சுலபமாய் ஓடும்படி செய்து அரிப்பை வேகப்படுத்துகிறது. மழை பெய்யாத நாளிலும் இங்கு துரு வளருவது இதனால்தான்.

நிற்க, காரணம் தெரிந்தவர்கள் செய்ததென்ன? இங்கிலீஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்திருந்த செப்புத் தகட்டைக் கடல் நீர் அரித்து வந்தது. 1824-ல் ஹம்ப்ரி டேவி என்கிற விஞ்ஞானி, அதோடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ சேர்த்து வைத்தார். துண்டு கரைந்தது, செம்பு தப்பிற்று. ஆனால் செம்பு கரையாமற் போகவே, பாசியும் சிப்பியும் ஒட்டிக் கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படையார் அதைக் கைவிட்டனர். என்றாலும் அவர் கண்ட உண்மை வீண்போகவில்லை. இன்று இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டி வைப்பதும், தகரத்துக்குத் துத்தநாகம் பூசுவதும் அதே உண்மையைக் கொண்டுதான்.

நம் பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள். 1914-ல் திறந்த அது நூறு வருஷத்துக்கு மேல் கடல் நடுவே உழைத்தது. அதைக் காத்தது துருவைச் சுரண்டிச் சுரண்டி வர்ணம் பூசிய தொழிலாளியின் கையல்லவா? அப்படியும் அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருவேறாத எஃகுக் கம்பியும் விசேஷ வர்ணமும் உபயோகித்திருக்கிறார்கள்.

நமது வீட்டுக்கு என்ன வழி? துருவின் மேலேயே வர்ணம் பூசுவது காசுக்குக் கேடு; உள்ளே அகப்பட்ட உப்பு தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்தவுடன் பிரைமரும் அதன்மேல் வர்ணமும் பூச வேண்டும். பித்தளைத் தகட்டில் இரும்பு ஆணி அடிக்கக் கூடாது. ஆணி சீக்கிரம் அரித்துப்போகும். படகின் துத்தநாகக் கட்டிக்கு வர்ணம் பூசினால் அது வேலை செய்யாது. வீடு கட்டக் கடல் மணலும் உப்புத் தண்ணீரும் உதவா. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், உள்ளேயிருந்தே காங்கிரீட்டைப் பிளந்துவிடும்.

நாம் சொல்லுவதாலேயே நம்ப வேண்டாம், தோழர்களே! இரண்டு சீசாக்களில் ஒவ்வோர் ஆணி போடுங்கள். ஒன்றில் உப்புத் தண்ணீரைப் பாதியளவு ஊற்றித் திறந்து வையுங்கள். மற்றதில் அதே தண்ணீரை நன்றாய்க் கொதிக்கவைத்து, சற்று ஆறியதும் கழுத்துவரை ஊற்றி, மேலே எண்ணெய் விட்டுக் காற்றை மறையுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு ஆணிகளையும் பாருங்கள். பிறகு துரு விதியா, அல்லவா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.