புகுதலும் நிலைத்தலும்: இன்ஃபுளுவென்சா வைரஸ்கள் உயிரினம் விட்டு உயிரினம் தாவும் முறை

(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)

முன்னுரை

நீர்ப்பறவைகளின் குடலில் வாழ்ந்துவரும் இன்ஃபுளுவென்சா 'ஏ' வகை வைரஸ்கள் பன்றி, குதிரை, நாய், கடற்சிங்கம், கறவை மாடு, மனிதன் எனப் பல்வேறு உயிரினங்களுக்குள் எவ்வாறு புகுகின்றன என்பதும், புகுந்தவற்றுள் சில மட்டும் அங்கேயே எவ்வாறு தங்கிவிடுகின்றன என்பதும் இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருளாகும். இவ்விரண்டு கேள்விகளும் பொதுப்பேச்சில் ஒன்றாகவே கருதப்படுவதால்தான், பறவைக் காய்ச்சல் ஒருவரைத் தொற்றியது என்றவுடன் கொள்ளைநோய் தொடங்கிவிட்டதென்ற அச்சமும், அவரிடமிருந்து வேறெவருக்கும் பரவவில்லை என்றவுடன் ஆபத்து நீங்கிவிட்டதென்ற நிம்மதியும் மாறிமாறி எழுகின்றன. புகுதல் வேறு, நிலைத்தல் வேறு. நிலைத்தல் என்பது வைரஸின் மரபணு மாற்றத்தை மட்டுமன்றி, அது வந்துசேர்ந்த உயிரினங்கள் எவ்வளவு நெருக்கமாகக் கூடி வாழ்கின்றன என்பதையும் பொறுத்தது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

1. வைரஸும் அதன் தாயகமும்

இவ்வகை வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் தனித்தனி ஆர்.என்.ஏ. துண்டங்களாக அமைந்துள்ளது. அதன் புறவுறையில் இரண்டு புரதங்கள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன: உயிரணுவில் ஒட்டி உள்ளே நுழைய உதவும் ஹீமாகுளுட்டினின், புதிதாகப் பிறந்த வைரஸ்களை அவ்வுயிரணுவிலிருந்து அறுத்து விடுவிக்கும் நியூராமினிடேஸ். முன்னதில் 16 வகைகளும் பின்னதில் 9 வகைகளும் பறவைகளிடம் காணப்படுகின்றன. எச்5என்1 போன்ற பெயர்கள் இவ்விரு புரதங்களின் வகை எண்களைச் சேர்த்து அமைந்தவையே. காட்டு வாத்துகள், கடற்காகங்கள், ஆலாக்கள் முதலிய நீர்ப்பறவைகளின் குடலில் இவை பெரும்பாலும் நோய் எதையும் உண்டாக்காமல் பெருகி, எச்சத்தின் வழியே நீர்நிலைகளில் கலந்து அடுத்த பறவையைச் சேர்கின்றன. இவ்வாறு வைரஸை இயல்பாகத் தாங்கிவரும் உயிரினத்தைத் தேக்க ஓம்புயிர் என்பர்.

2. ஒட்டுதல் என்னும் முதல் தடை

உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் என்னும் சேர்மம் உள்ளது. அதுவே ஹீமாகுளுட்டினின் பற்றிக்கொள்ளும் ஏற்பி. அடுத்துள்ள சர்க்கரையோடு அது இணையும் விதத்தைக் கொண்டு ஆல்ஃபா 2,3 பிணைப்பு, ஆல்ஃபா 2,6 பிணைப்பு என இரண்டாகப் பிரிப்பர். பறவைகளின் குடலில் முதல்வகையும், மனிதனின் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் இரண்டாம் வகையும் மிகுதி. ஆனால் மனித நுரையீரலின் ஆழத்திலுள்ள நுண்ணறைகளிலும் கண்ணின் வெளிப்படலத்திலும் பறவைவகை ஏற்பிகள் உண்டு. பறவை வைரஸ் மிகுதியாக உட்சென்றால் கடும் நுரையீரல் அழற்சி உண்டாவதும், அவ்வாறு நோயுற்றவரின் இருமலால் பிறருக்கு எளிதில் பரவாமலிருப்பதும் இந்த அமைப்பால் ஓரளவு விளங்குகின்றன.

இத்தடையைத் தாண்ட வைரஸுக்குப் பெருமாற்றம் தேவைப்படுவதில்லை. 1957, 1968 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய மனித வைரஸ்களில், பறவையிலிருந்து வந்த ஹீமாகுளுட்டினினின் 226, 228 ஆகிய இடங்களிலிருந்த இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்ததே அது மனித ஏற்பியைப் பற்றப் போதுமானதாயிற்று.

3. உயிரணுவிற்குள் எதிர்ப்படும் தடைகள்

உள்ளே நுழைந்த வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கத் தன்னுடைய பாலிமரேஸ் நொதியைப் பயன்படுத்தினாலும், அந்நொதி, தொற்றுக்குள்ளான உயிரினமாகிய ஓம்புயிரின் ஏ.என்.பி.32ஏ என்னும் புரதத்தின் துணையின்றி இயங்குவதில்லை. பறவைகளின் இப்புரதத்தில் கூடுதலாக 33 அமினோ அமிலங்கள் உள்ளன என்பதும், அக்கூடுதற் பகுதியற்ற பாலூட்டிப் புரதத்தோடு பறவை வைரஸின் பாலிமரேஸ் சரிவரப் பொருந்துவதில்லை என்பதும் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வால் 2016-இல் தெளிவாயின. பாலிமரேஸின் ஓர் அங்கமான பி.பி.2 புரதத்தில் 627-ஆம் இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலம் லைசினாக மாறினால் இப்பொருத்தமின்மை நீங்குகிறது; 40 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பான பறவைக் குடலுக்குப் பழகிய நொதி, 33 டிகிரி அளவிலேயே இருக்கும் மனித மூக்கில் இயங்கவும் அதே மாற்றம் துணைசெய்கிறது.

மூன்றாவது தடை, ஹீமாகுளுட்டினினை இரண்டாகப் பிளக்கும் ஓம்புயிர் நொதிகளைச் சார்ந்தது. இப்பிளவு நிகழாவிடில் வைரஸ் அடுத்த உயிரணுவைத் தொற்ற இயலாது. பிளக்கும் நொதிகள் பொதுவாகக் குடலிலும் சுவாசப்பாதையிலும் மட்டும் இருப்பதால் தொற்றும் அங்கேயே அடங்குகிறது. ஆனால் எச்5, எச்7 வகை வைரஸ்கள் கோழிப் பண்ணைகளில் நுழைந்து பறவைக்குப் பறவை தாவும்போது, பிளவிடத்தில் காரத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் கூடிவிடுவதுண்டு. அந்நிலையில் உடலெங்கும் உள்ள ஃபியூரின் என்னும் நொதியே பிளக்கும் வேலையைச் செய்துவிடுவதால், மூளை உட்பட எல்லா உறுப்புகளும் தாக்கப்பட்டுக் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. நீர்ப்பறவைகளில் சாதுவாக இருந்த வைரஸ் கொடியதாவது பெரும்பாலும் வளர்ப்புக் கோழிகளிடையேதான் என்பது இங்குக் கருதத்தக்கது.

4. துண்டங்களின் மறுசேர்க்கை

ஒரே உயிரணுவை இரண்டு வைரஸ்கள் ஒருங்கே தொற்றினால், இரண்டின் எட்டுத் துண்டங்களும் கலந்து புதிய கலவைகள் பிறக்கக்கூடும், இதுவே மறுசேர்க்கை. 1957-ஆம் ஆண்டின் வைரஸ் மூன்று துண்டங்களையும், 1968-ஆம் ஆண்டின் வைரஸ் இரண்டு துண்டங்களையும் பறவை வைரஸிலிருந்து பெற்றிருந்தன; எஞ்சியவை ஏற்கெனவே மனிதருக்குப் பழகிய வைரஸுடையவை. 2009-இல் அறியப்பட்ட எச்1என்1 வைரஸோ, வட அமெரிக்கப் பன்றிகளிலும் ஐரோப்பிய-ஆசியப் பன்றிகளிலும் தனித்தனியே வளர்ந்த இரு மரபுகள் கலந்ததன் விளைவு. பன்றியின் சுவாசப்பாதையில் இருவகை ஏற்பிகளும் இருப்பதும், கண்டம் விட்டுக் கண்டம் பன்றிகள் விற்கப்படுவதும் இக்கலப்புக்கு வழிவகுத்தன.

5. குதிரையிலிருந்து நாய்க்கு

1963-இல் மயாமியில் குதிரைகளிடம் கண்டறியப்பட்ட எச்3என்8 வைரஸ், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 2004-இல் ஃபுளோரிடாவின் பந்தயக் கிரேஹவுண்ட் நாய்களிடம் முழுமையாகக் காணப்பட்டது. எட்டுத் துண்டங்களும் குதிரை வைரஸுடையவையே, மறுசேர்க்கை எதுவும் நிகழவில்லை. குதிரை, நாய் இரண்டின் மூச்சுக்குழலிலும் ஆல்ஃபா 2,3 ஏற்பிகள் இருப்பதால் புகுதல் எளிதாயிற்று. ஆயினும் இவ்வைரஸ் தொடர்ந்து வாழ்ந்தது வீட்டுநாய்களிடம் அன்று. புதிய நாய்கள் இடையறாது வந்துசேரும் பெருநகரக் காப்பகங்களிலும் பந்தயக் கொட்டில்களிலுமே. வீடுகளில் தனித்தனியே வாழும் நாய்களிடையே தொற்றுச் சங்கிலி விரைவில் அறுந்துவிட, இறுதியில் அம்மரபு அமெரிக்க நாய்களிடமிருந்து மறைந்தது. உடலியல் தடையைக் கடந்த வைரஸும் கூட்டத்தின் துணையின்றி நிலைபெறவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

6. குவாங்டோங்கிலிருந்து டெக்சாஸ் வரை

1996-இல் தென்சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தில் ஒரு வாத்தினப் பண்ணையில் கண்டறியப்பட்ட எச்5என்1 மரபு, அடுத்த ஆண்டே ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி அறுவரைக் கொன்றது. உயிர்க்கோழிச் சந்தைகளே ஊற்றிடம் எனக் கண்டு, நகரிலிருந்த கோழிகள் அனைத்தும் அழிக்கப்பட்டதும் மனிதத் தொற்று நின்றது. எனினும் அம்மரபு சீனத்தின் பண்ணைகளில் தொடர்ந்து, 2005-இல் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகளைக் கொன்று, அவற்றின் வழியே மேற்கே பரவியது. 2003 முதல் 900-க்கும் மேற்பட்டோர் இதனால் நோயுற்று, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தபோதிலும், மனிதரிடம் இம்மரபு நிலைபெறவில்லை.

பிற பாலூட்டிகளிடம் நிலைமை மாறியது 2022-இல்தான். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்பெயினின் கலிசியாவில், உரோமத்திற்காகக் கூண்டுகளில் வளர்க்கப்பட்ட மிங்க் என்னும் கீரியினத்தை ஒத்த விலங்குகளிடையே இந்த எச்5என்1 மரபு பரவியது. 50,000-க்கும் மேற்பட்டவை அழிக்கப்பட்டன. பின்னர் தென் அமெரிக்கக் கரைகளில் கடற்சிங்கங்களைத் தாக்கி, 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைச் சீல்களின் குட்டிகளை அநேகமாக முற்றிலும் அழித்தது. நெருக்கம் மனிதனால் உண்டாக்கப்பட்டதாகவே இருக்க வேண்டியதில்லை என்பதும், இனப்பெருக்கத்திற்காக விலங்குகள் இயல்பாகக் கூடும் கரையும் அதற்குப் போதும் என்பதும் இதனால் அறியப்படுகின்றன.

2024 மார்ச்சில் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களின் கறவை மாடுகளிடம் இவ்வைரஸ் உறுதிசெய்யப்பட்டபோது அறிவியலாளரே வியந்தனர். மாடு இவ்வகைக்கு எளிதில் இடந்தராத விலங்கென்றே கருதப்பட்டிருந்தது. தொற்றியது நுரையீரலை அன்று, மடியை. பால் சுரக்கும் திசுவில் பறவைவகை ஏற்பிகள் நிறைந்திருந்தன; நோயுற்ற மாட்டின் பால் சீம்பால் போல் மஞ்சளித்துத் தடித்து, அதில் வைரஸ் பெருமளவில் காணப்பட்டது. பறவையிலிருந்து மாட்டுக்கு நிகழ்ந்த ஒரே தாவலிலிருந்தே இப்பரவல் தொடங்கியதென மரபணு வரிசைகள் காட்டுகின்றன. அதன்பின் கறவை இயந்திரங்களும், மாநிலம் விட்டு மாநிலம் ஏற்றிச்செல்லப்பட்ட மாடுகளும் அதனை 1,000-க்கும் மேற்பட்ட மந்தைகளுக்குக் கொண்டுசேர்த்தன. பாலிமரேஸின் பி.பி.2 அங்கத்தில் 631-ஆம் இடத்தில் நேர்ந்த மாற்றம் மாட்டு வைரஸ்களில் நிலைபெற்றது. காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் இறந்தன. பண்ணைத் தொழிலாளர் பலருக்குக் கண் சிவப்பதே முதன்மை அறிகுறியாக இருந்தது. மாட்டிடமிருந்து வந்த இவ்வைரஸின் ஹீமாகுளுட்டினினில் 226-ஆம் இடத்திலுள்ள ஒரேயோர் அமினோ அமிலம் மாறினால் அது மனித ஏற்பியைப் பற்றத் தொடங்கும் என்பதை 2024 டிசம்பரில் வெளியான ஆய்வொன்று ஆய்வகத்தில் காட்டியது.

முடிவுரை

வைரஸின் மாற்றம் தற்செயலாக நிகழ்வது. மரபுப்பொருளின் எந்த எழுத்து எப்போது மாறும் என்பதை எவராலும் முன்னரே கூற இயலாது. ஆனால் அம்மாற்றம் பலமுறை முயன்று தேர்ந்தெடுக்கப்படும் களம் எங்கே உள்ளது என்பது அறியக்கூடியது: உயிர்க்கோழிச் சந்தை, கோழிப்பண்ணை, மிங்க் கூண்டு, பன்றிக் கொட்டில், கறவைக் கூடம். 1997-க்குப் பின் ஹாங்காங் அரசு உயிர்க்கோழிச் சந்தைகளை மாதந்தோறும் குறித்த நாளில் காலிசெய்து தூய்மைப்படுத்தும் ஓய்வுநாள் முறையைக் கொண்டுவந்தது இந்த அறிவின் பயனே. மத்திய ஆசியத்திலிருந்து வலசைவரும் வாத்துகள் கோடியக்கரையில் தங்குவதும், முட்டைக்கோழிப் பண்ணைகள் நாமக்கல் வட்டாரத்தில் செறிந்திருப்பதும் தமிழ்நாட்டுக்கும் இக்கடமையை உணர்த்துகின்றன. காட்டுப்பறவையும் பண்ணைக்கோழியும் ஒரே நீரைப் பகிராமல் காப்பதும், பல இன விலங்குகளை ஒரே வளாகத்தில் அடைக்காதிருப்பதும், நோயுற்ற விலங்கை மறைக்காமல் அறிவிக்கும் உழவருக்கு உரிய இழப்பீட்டை உடனே வழங்குவதும், புகுந்த வைரஸ் நிலைபெறாமல் தடுக்கும் வழிகளாகும். புகுதலை முற்றிலும் தடுப்பது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. நிலைத்தலைத் தடுப்பதோ பெரும்பாலும் மனிதர் விலங்குகளை வளர்க்கும், விற்கும், ஏற்றிச்செல்லும் முறைகளிலேயே அடங்கியுள்ளது.