தட்டில் வளரும் ஜூனிப்பர்



தேயிலை செடியா, மரமா என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் "செடி" என்றே சொல்வார்கள். உண்மையில் அது மரம். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் 30 அடிக்கு மேலும் உயரும். நாம்தான் வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். மரத்தைச் சிறு தட்டில் குறுக்கி வளர்க்கும் பொன்சாய்க் கலையும் இதைப் போன்றதே.

என்னிடம் படித்த தோட்டத்துப் பெண்ணொருத்தி சிங்கப்பூரில், ஆங் மோ கியோ என்ற அடுக்குமாடி நகரில் வீட்டுவேலை செய்கிறாள். அவளுடைய எசமானி ஜூனிப்பர் பொன்சாய் ஒன்றை வாங்கி, குளிரூட்டிய அறையில் வைத்தார். இவள் தினமும் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றரை மாதம் பச்சையாக இருந்த மரம் பிறகு பழுப்பாகிவிட்டது. தண்ணீர் ஊற்ற மறந்ததாகச் சொல்லி, அதன் விலையைச் சம்பளத்தில் பிடிக்கப் போவதாக எசமானி கூறினாராம். "நான் என்ன பிழை செஞ்சேன் சேர்?" என்று தொலைபேசியில் அழுதாள்.

தட்டிலிருந்து மரத்தை எடுத்து வேரைப் பார்க்கச் சொன்னேன். வேர் கறுத்து அழுகியிருந்தது. தண்ணீர் குறைந்து மரம் சாகவில்லை, கூடியதால்தான் செத்தது.

ஜூனிப்பர், மலைநாட்டில் நாம் காணும் சைப்பிரஸின் குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமையான மரம். பொன்சாய்க்குப் பெயர்பெற்ற வகை சீனா, ஜப்பான், கொரியா நாடுகளுக்கு உரியது. அதன் இளம் இலைகள் ஊசிபோல் குத்தும். முதிர்ந்தவை செதில்போல் படிந்திருக்கும். காய்கள் பார்வைக்குச் சிறு பழம்போல் இருந்தாலும், அவை கூம்புகளே.

அதற்கு வேண்டியவை நல்ல வெயில், காற்றோட்டம், நீர் தங்காத பருக்கை மண், ஆண்டுதோறும் குளிர்கால ஓய்வு. சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை. ஆயினும் வெளியில், வெயிலில் வைத்தால் பிழைக்கும். அறைக்குள் தாங்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வேர் செத்த பின்னும் இலை பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். பச்சையைப் பார்த்து ஏமாறக் கூடாது. பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் உண்டு.

கவ்வாத்துப் பழக்கமும் இங்கே அப்படியே செல்லாது. தேயிலையை இலையில்லாமல் வெட்டினாலும் துளிர்க்கும். ஜூனிப்பர் கிளையில் பச்சையே இல்லாமல் வெட்டினால், அந்தக் கிளை பெரும்பாலும் பட்டுவிடும்.

சிங்கப்பூர்க் கடலோரத்திற்கே உரிய ஊசியிலை இன மரம் ஒன்று உண்டு. அது போடோகார்ப்பஸ். வெப்பம் தாங்கும், பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும்.

அவள் வேரைக் காட்டி, இவற்றையெல்லாம் எசமானியிடம் பணிவாக எடுத்துச் சொன்னாள். சம்பளம் பிடிக்கப்படவில்லை. இப்போது தாழ்வாரத்தில், காலை வெயில் படும் இடத்தில் ஒரு போடோகார்ப்பஸ் நிற்கிறது. மண்ணில் விரலை வைத்துப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுகிறாளாம்.

வெளிநாட்டில் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.