ஓட்டுபவரும் உடன் வருவோரும்



சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் எழும் பேச்சு, ஊருக்குப் போகும் பேச்சு. ரயிலில் இடம் கிடைக்குமா, பொங்கலுக்குச் செல்வதா சித்திரையில் செல்வதா, முதியவர்களை எவ்வாறு அழைத்துப் போவது என்றெல்லாம் தொடங்கி, 'நமக்கென்று ஒரு பெரிய வண்டி இருந்தால்' என்னும் இடத்தில் அப்பேச்சு வந்து நிற்கும். அப்பெரிய வண்டியைத்தான் இன்று சிறு பிள்ளைகளும் எஸ்.யு.வி. என்று பெயர் சொல்லி அழைக்கின்றனர். அதனைத் தேர்ந்தெடுக்கும்போது எதனை முதன்மையாகக் கொள்வது? ஓட்டுபவர் அடையும் இன்பத்தையா, உடன் வருவோர் அடையும் சுகத்தையா? இதனைப் பற்றிச் சற்றே பேச விழைகின்றோம்.

நாங்கள் நாகபுரியில் குடியேறிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சொந்த ஊர் நாமக்கல்லுக்கு அருகில். இவ்விரண்டு ஊர்களையும் இணைப்பது ஒரே சாலை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. எங்கள் வாசலிலிருந்து அதிலாபாத், ஐதராபாத், கர்நூல், அனந்தபூர், பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம் என்று ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். கர்நூலில் ஓர் இரவு தங்கினால் மறுநாள் மாலை ஊர் போய்ச் சேரலாம். சில ஆண்டுகள் ஒரு சிறிய காரில் இவ்வாறு போய் வந்தோம். எங்கள் தாயாருக்கு வயது எழுபத்து நான்கு. முதுகெலும்பில் பழைய உபாதை ஒன்று உண்டு. ஒரு முறை ஊரிலிருந்து திரும்பியவர் வாசற்படியில் சிறிது நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "இனிமேல் நான் வரலை, கண்ணு. நீங்க போயிட்டு வாங்க" என்றார். அச்சொல்லுக்குப் பிறகுதான் பெரிய வண்டி என்னும் பேச்சு எங்கள் வீட்டில் விளையாட்டுப் பேச்சாக இல்லாமற்போயிற்று. அவர் வரவில்லையென்றால் ஊருக்குப் போவதன் பொருள்தான் யாது?

இங்கே ஓட்டுபவரின் தரப்பையும் கூறிவிட வேண்டும். எங்களுள் வண்டி ஓட்டுபவர் ஒருவரே. வாரம் முழுவதும் அலுவலகத்திலும் போக்குவரத்து நெரிசலிலும் அடைபட்டுக் கிடக்கும் ஒருவருக்கு, விடியற்காலையில் அதிலாபாத்தைத் தாண்டிய நெடுஞ்சாலை ஒரு விடுதலை. ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பினால் சக்கரம் அதே கணத்தில் பணிவதும், வளைவில் வண்டி சாயாமல் தரையைப் பற்றிக்கொள்வதும், முன் செல்லும் லாரியைக் கடக்கும்போது எஞ்சின் தயங்காமல் ஈடுகொடுப்பதும் வெறும் ஆடம்பரம் அல்ல. ஓட்டுபவர் சொற்படி கேட்கும் வண்டி ஆபத்தான நேரத்தில் குடும்பத்தையே காக்கும். தளர்ந்த வண்டியை நாளெல்லாம் திருத்தித் திருத்தி ஓட்டும் ஒருவர் மாலைக்குள் களைத்துவிடுவார். களைத்தவர் கையில் குடும்பத்தை ஒப்படைப்பது எவ்வகைச் சுகம்? ஆதலின் அவர் ஆசையை 'சிறு பிள்ளைத்தனம்' என்று ஒதுக்குவதற்கில்லை. வீட்டில் சிலர் ஒதுக்கத்தான் செய்தனர். அது வேறு கதை.

முதல் படிப்பினை ஊரிலேயே கிடைத்தது. உறவினர் ஒருவரிடம் உயரமான, மிக மென்மையான பெரிய வண்டி ஒன்று இருந்தது. நெடுஞ்சாலையில் மெத்தைமேல் மிதப்பதுபோல் இருக்கும். அதில் அனைவரும் ஏறிக் கொல்லிமலைக் கோயிலுக்குப் புறப்பட்டோம். காரவள்ளியிலிருந்து மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் சிரிப்பு நின்றது. இருபதாவது வளைவில் பேச்சு நின்றது. முப்பதைத் தாண்டுமுன் எங்கள் மகள் வாந்தியெடுத்துவிட்டாள். தாயார் கண்ணை மூடி முன் இருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டிருந்தார். ஓட்டுபவர் ஒருவரே நலமாக இருந்தார்.

இதற்குக் காரணம் உண்டு. ஓட்டுபவருக்கு அடுத்த வளைவு எப்பக்கம் என்பது முன்கூட்டியே தெரியும். அவர் உடல் அதற்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும். பின்னால் இருப்பவருக்கோ ஆட்டம் வந்த பிறகே தெரியும். கண் வண்டியின் உட்புறத்தையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்க, காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நாம் ஆடுகின்றோம்' என்று அறிவிக்க, இரண்டுக்கும் இடையே எழும் முரண்பாடே குமட்டலாகின்றது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை இது மிகுதியாகத் தாக்கும். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை என்னும் அளவில் மெதுவாக ஏறி இறங்கும் ஆட்டமே வயிற்றை மிகவும் புரட்டுவது. கப்பலில் நேர்வது அதுதான். உயரமான வண்டிக்கு எடை மேலே நிற்கும். அதற்கு மிக மெல்லிய ஸ்பிரிங்கும் அமைந்துவிட்டால், வளைவில் ஒரு புறம் சாயும். நிமிரும்போது மறு புறம் அசையும். ஆகவே, மென்மை வேறு, சுகம் வேறு. இதனை அன்று கொல்லிமலையில் கற்றோம்.

இரண்டாம் படிப்பினை நாகபுரியில். இம்முறை ஓட்டுபவர் தாமே விரும்பிய ஒரு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். இறுகிய ஸ்பிரிங், பெரிய சக்கரம், வளைவில் நூல் பிடித்ததுபோல் சென்றது. அவர் முகத்தில் அத்தகைய மகிழ்ச்சியை நாங்கள் பல ஆண்டுகளாகக் கண்டதில்லை. இரண்டாம் சுற்றில் தாயாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அதே சாலையில் சென்றோம். மேம்பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றும் அவர் முதுகில் ஓர் அடியாக விழுந்தன. அவர் ஒன்றும் கூறவில்லை. இறங்கியபின் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவே போதுமாயிருந்தது.

நடக்கும்போது நம் உடல் விநாடிக்கு ஒன்றரை அல்லது இரண்டு தடவை ஏறி இறங்குகின்றது. அதற்கு நாம் பிறந்ததிலிருந்தே பழகியவர்கள். வண்டியின் உடற்பகுதி விநாடிக்கு ஒரு தடவையிலிருந்து ஒன்றரைத் தடவைக்குள் அசையுமாறு ஸ்பிரிங்கை அமைத்தால் பெரும்பாலோர்க்கு இதமாக இருக்கும் என்பது பொறியாளர் நெடுநாளாகக் கண்ட அளவு. ஆனால் விநாடிக்கு நான்கு முதல் எட்டுத் தடவை வரையுள்ள செங்குத்து அதிர்வே அமர்ந்திருக்கும் மனிதனை, குறிப்பாக முதுகெலும்பை, அதிகமாக வருத்துவது. மேடுபள்ளத்தின் அடியை இறுகிய ஸ்பிரிங்கும் தட்டையான டயரும் மேலே அனுப்பும்போது இவ்வதிர்வே இருக்கையை வந்தடைகின்றது.

ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும். இவ்விரண்டின் பொருத்தத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றது. ஸ்பிரிங் ஓரளவு மென்மையாக இருந்து, ஷாக் அப்சார்பர் ஒரே அசைவில் அதனை அமர்த்திவிடுமாயின், பின்னால் இருப்பவருக்கு அடியும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஓட்டுபவருக்கு வண்டி கைவசம் இருக்கும். இவ்விடத்தில் ஓட்டுபவரும் உடன் வருவோரும் எதிர்க்கட்சியினர் அல்லர்.

மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலப் பொறியாளர், ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தை விட்டு 1930இல் அமெரிக்காவின் கேடிலாக்குக்குச் சென்றார். எடைகளை இடம் மாற்றி மாற்றி வைக்கத்தக்க ஒரு காரைச் செய்து, அதில் தாமே அமர்ந்து ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் சற்று மெதுவாகவும், பின் ஸ்பிரிங் சற்று விரைவாகவும் அசைந்தால், மேட்டை முதலில் சந்திக்கும் முன்புறத்தைப் பின்புறம் எட்டிப் பிடித்துவிடும். வண்டி தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆடாமல் மட்டமாக எழுந்து மட்டமாக இறங்கும் என்று கண்டார். இன்றும் அவர் கண்ட நெறி கைவிடப்படவில்லை.

முன்னும் பின்னும் ஆடும் இவ்வாட்டம் குட்டையான வண்டியில் மிகுதி. நம் நாட்டில் குட்டை வண்டிகள் பெருகியதற்கு வரியும் ஒரு காரணம். 2006ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்கு மேற்படாத, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வந்த சரக்கு, சேவை வரி மாற்றத்திலும் அத்தகையவற்றுக்கு 18 விழுக்காடு, பெரியவற்றுக்கு 40 விழுக்காடு. எனவே குறைந்த பணத்தில் உயரமான வண்டி வேண்டுவோர் பெரும்பாலும் நான்கு மீட்டருக்குள் அடங்கியதையே வாங்குகின்றனர். நகருக்குள் அது மிக வசதி. ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் செல்பவர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கேட்டறிந்த பிறகே முடிவுசெய்தல் நன்று.

நாங்கள் லாரிகளின் ஊரைச் சேர்ந்தவர்கள். ஏணிபோன்ற இரும்புச் சட்டத்தின்மேல் கூடு கட்டுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர்கள். பழைய ஜீப்பும் அவ்வாறே. 1998இல் வந்த டாட்டா சஃபாரியும் அவ்வாறே. பாரம் சுமக்கவும் காட்டுப் பாதையில் செல்லவும் அதற்கு நிகரில்லை. எனினும் குடும்ப வண்டிகள் மெல்ல மெல்லக் கூடும் சட்டமும் ஒன்றேயான அமைப்புக்கு மாறிவிட்டன. 2011இல் மகிந்திராவின் எக்ஸ்.யு.வி. 500 அவ்வாறு வந்தது. 2021இல் சஃபாரி என்னும் பெயரே அவ்வமைப்பில் மறுபடியும் பிறந்தது. 2022இன் இறுதியில் டொயோட்டா இன்னோவாவின் ஹைகிராஸும் அவ்வழி வந்தது. இவ்வமைப்பில் எடை குறையும், வண்டி தாழ்ந்து நிற்கும், சாய்வும் அடங்கும். 2012இல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் உருவாகி வந்த ரெனோ டஸ்டர், குழி நிறைந்த சாலையிலும் சுகமும் பிடிப்பும் சேர்ந்தே இருக்க முடியும் என்று பலருக்கும் காட்டியது. செய்யாற்றுக்கு அருகே மகிந்திரா நிறுவனத்தின் சோதனை ஓட்டத் தளம் இருக்கின்றது என்பதையும் சிறிது பெருமையுடன் குறிப்பிடுகின்றோம்.

கடையில் உள்ளவர் காட்டுவது எதனை? திரையையும், கூரைக் கண்ணாடியையும், பெரிய சக்கரத்தையும். ஒரே வண்டியின் விலை குறைந்த வகையில் சிறிய சக்கரமும் தடித்த டயரும் இருக்கும்; விலை உயர்ந்த வகையில் சக்கரம் பெரிதாகி டயரின் பக்கச் சுவர் மெலிந்துவிடும். குழியில் விழும்போது முதல் அடியைத் தாங்குவது அப்பக்கச் சுவரில் அடைபட்ட காற்றே. கூடுதலாக ஓர் இலட்சம் கொடுத்துச் சுகத்தைக் குறைத்துக்கொள்ளும் இவ்வாணிபத்தை என்னென்பது! மூன்றாம் வரிசை இருக்கைகளையும் பார்த்துவிட்டே பேச வேண்டும். அவை பின் அச்சுக்கு மேலோ பின்னாலோ இருப்பதால் எல்லா அடிகளும் அங்கே பெருகி வரும். இரு அச்சுகளுக்கும் இடையே அமைந்த நடு வரிசையே முதியோர்க்கு உரிய இடம். பின் சாளரத்தின் விளிம்பு மிக உயர்ந்திருந்தால் குழந்தைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. குமட்டல் அங்கிருந்தும் தொடங்கும்.

சோதனை ஓட்டத்துக்கு ஓட்டுபவர் தனியே செல்லாதிருப்பாராக. குடும்பம் முழுவதும் ஏறட்டும். டயரின் காற்று, கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவில் இருக்கின்றதா என்று முதலில் பார்க்கட்டும். வழுவழுப்பான சாலையை விடுத்து, தம் தெருவின் வேகத்தடைக்கும் குழிக்கும் கொண்டுசெல்லட்டும். பாதி வழியில் வேறொருவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு அவரே பின்னால் சென்று அமரட்டும். எங்கள் ஓட்டுபவர் அவ்வாறு அமர்ந்து பத்து நிமிடம் வந்த பிறகு, தாம் விரும்பிய வண்டியைப் பற்றிப் பேசுவதைத் தாமே நிறுத்திக்கொண்டார். மாற்றலாகும் பணியில் இருப்போர் 2021இல் தொடங்கிய பி.எச். வரிசைப் பதிவைப் பற்றியும் விசாரித்துக்கொள்ளலாம். அது தனியே பேசத்தக்க பொருள்.

இறுதியில் நாங்கள் வாங்கியது வேகத்தில் நடுத்தரமான ஒரு வண்டி. இரு அச்சுகளுக்கும் இடையே நல்ல நீளம், சிறிய சக்கரம், மேட்டில் ஏறி இறங்கினால் ஒரே அசைவில் அமர்ந்துவிடும் ஸ்பிரிங். வளைவில் அது நூல் பிடித்துச் செல்வதில்லை. ஆனால் ஓட்டுபவர் திருப்பிய பக்கம் தயங்காமல் திரும்புகின்றது. அவர் முதல் சில நாள்கள் சற்று வாட்டமாகவே இருந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னர் ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடித்துக்கொண்டார். வளைவு வருமுன்னரே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை மெல்ல விடுத்து, பின்னால் உறங்குபவரின் தலை சாயாதவாறு வளைவைக் கடப்பது. அதில் தேர்ந்துவிட்டதாக அவருக்கு இப்போது கொஞ்சம் செருக்கும் உண்டு.

தாயாரை மறுபடியும் புறப்படச் செய்வதற்கு இரண்டு வாரம் பிடித்தது. "கர்நூல் வரைக்கும் வர்றேன். முடியலைன்னா ரயிலேத்தி விட்டுடு, கண்ணு" என்னும் நிபந்தனையின்மேல் ஏறினார். கர்நூலில் இறங்கியபோது கதவைப் பிடிக்கவில்லை. மறுநாள் பிற்பகல், சேலம் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணைகள் தெரியத் தொடங்கிய நேரத்தில் கண் விழித்தார். லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் விபத்துகள் பல நேர்ந்த தொப்பூர் இறக்கத்தைப் பற்றி அவருக்கு எப்போதும் அச்சம்.

"தொப்பூர் கணவாய் வந்துருச்சா, கண்ணு?" என்று கேட்டார்.