நல்ல நாளில் போட்டுவைக்கும் பழக்கம்



இன்று பட்டம் பெறும் உங்களில் பெரும்பாலோர் பகலில் வேலை பார்த்து இரவில் படித்தவர்கள். பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு நாள் முழுக்க நின்றவர்கள், மருத்துவமனை வார்டில் முறைவேலை பார்த்தவர்கள், முதியோர் பராமரிப்பு நிலையத்தில் உழைத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். வகுப்பு முடிந்து, செங்காங் நிலையத்தில் எம்ஆர்டியிலிருந்து இறங்கி எல்ஆர்டிக்கு ஓடி, வீடு சேர்ந்த பிறகு ஆறிப்போன சோற்றை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்ட இரவுகள் உங்களுக்கு நினைவிருக்கும். "படிப்பு முடியட்டும், அப்புறம் உடம்பைப் பார்த்துக்கலாம்" என்று அன்று சொல்லிக்கொண்டீர்கள். இன்று படிப்பு முடிந்துவிட்டது. நாளைக்கு வேறொரு காரணம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பதவி உயர்வு, திருமணம், வீட்டுக் கடன், குழந்தை என்று வரிசை நீளும். அதனால்தான் இன்று இதைப் பேச வந்திருக்கிறேன்.

மனநல ஆலோசகராக நான் சந்திக்கும் இளையர்கள் வெவ்வேறு கதைகளோடு வருகிறார்கள். மனஉளைச்சல் அவர்களோடு மட்டும் நிற்கும் கதையும் இல்லை. மனநலக் கழகம் 15 முதல் 35 வயது வரையிலான சிங்கப்பூர் இளையர்களிடம் நடத்திய தேசிய ஆய்வின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. மனச்சோர்வு, பதற்றம், மனஉளைச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் கடுமையான அல்லது மிகக் கடுமையான அறிகுறிகள் தங்களுக்கு இருப்பதாக ஏறத்தாழ மூவரில் ஒருவர் சொன்னார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையை ஒருமுறை பாருங்கள். உங்கள் இடப்பக்கத்தவரையும் வலப்பக்கத்தவரையும் உங்களையும் சேர்த்தால் மூன்று பேர்.

மனஉளைச்சல் நமக்குப் பகையாகப் பிறந்ததல்ல. ஆபத்து வரும்போது உடம்பு அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, கவனம் கூர்மையாகிறது. தேர்வு நாளில் உங்களுக்குக் கைகொடுத்ததும் அதுதான். ஆபத்து விலகியதும் உடம்பு தணிந்துவிட வேண்டும். இரவு பத்தரைக்கும் வேலைக் குழுவிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தால் உடம்பு எப்போது தணியும்? நாள் முடிந்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. தூக்கம் கெடுகிறது, செரிமானம் கெடுகிறது, அன்பானவர்களிடம் எரிந்து விழுகிறோம்.

இதற்கெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நன்றாகத் தூங்கு, நட, நேரத்துக்குச் சாப்பிடு, மனம் விட்டுப் பேசு. தெரிந்திருந்தும் ஏன் செய்வதில்லை? மன உறுதியை நம்பியே இருக்கிறோம். மோசமான நாளில் முதலில் நம்மை விட்டுப் போவது அந்த மன உறுதிதான். ஆகவே நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான்: பழக்கத்தை நல்ல நாளிலேயே போட்டு வையுங்கள். ஓர் இடம், ஒரு நேரம், முடிந்தால் ஓர் ஆள் என்று அதைக் கட்டி வையுங்கள். கெட்ட நாள் வரும்போது யோசிக்க வேண்டியிராது; கால் தானாக நடக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது லிட்டில் இந்தியாவின் தேக்காவில். செங்காங்கிலிருந்து வடக்கு கிழக்கு ரயில் பாதையில் ஒன்பதாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே இறங்கிப் பாருங்கள். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வாரம் முழுக்க உழைத்த வெளிநாட்டு ஊழியர்கள் ரேஸ் கோர்ஸ் சாலை ஓரத்துப் புல்வெளிகளில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். புதுக்கோட்டைக்காரர்கள் ஒரு பக்கம், பட்டுக்கோட்டைக்காரர்கள் ஒரு பக்கம். ஒரு செய்தித்தாளை விரித்து, பொட்டலத்தைப் பிரித்து, நாலு பேர் ஒரே இலையில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். ஒருவர் சற்றுத் தள்ளி நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்து, ஊரில் இருக்கும் மகளிடம் வீட்டுப்பாடம் கேட்டுக்கொண்டிருப்பார். "வழக்கமான இடம்தான், வந்துரு" என்றால் போதும், வந்து சேர்வார்கள். ஓய்வு மிகக் குறைவாகக் கிடைத்தவர்கள் அந்த ஓய்வுக்கு ஒரு நாளையும் ஓர் இடத்தையும் ஒரு கூட்டத்தையும் உறுதியாக வைத்திருக்கிறார்கள். 2020இல் பெருந்தொற்றால் விடுதிகளை விட்டு வெளியே வர முடியாமல் அவர்கள் அடைபட்டிருந்தபோது, அந்த ஞாயிறு அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆதாரமாக இருந்தது என்பதை இந்த நாடே உணர்ந்தது.

உங்கள் ஞாயிறு எது? செங்காங்கிலேயே தேடலாம். ஆற்றோரப் பூங்காவிலிருந்து ஆங்கர்வேல் பக்கம் போகும் வழியில், பொங்கோல் நீர்த்தேக்கத்தின்மீது ஒரு மிதக்கும் சதுப்புநிலம் இருக்கிறது. நாணல் போன்ற செடிகளின் வேர்கள் தண்ணீருக்குள் தொங்கி அழுக்கை உறிஞ்சித் தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. அந்த வேர்களுக்கிடையே மீன்கள் ஒதுங்குகின்றன. வேலையிலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டு அதுவரை நடந்து திரும்புங்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியாவது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு 22 நிமிடம் சுறுசுறுப்பாக நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். சோபாவில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு கிளம்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை.

தூக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதாக 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கு நோயாளிக்கு மருந்து அளக்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். மாலைக் கோப்பியையும் கவனியுங்கள். கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆறு மணிக்குக் குடித்த கோப்பி பதினொரு மணிக்கும் உள்ளே பாதி விழித்திருக்கிறது. போனைப் படுக்கையறைக்கு வெளியே மின்னூட்டுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும்.

வாரத்தில் ஒரு வேளையாவது வேண்டியவர் ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடை போதும். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று முடிவு செய்துவிடுங்கள். "ஒருநாள் பார்ப்போம்" என்று விட்ட சந்திப்புகள் நடப்பதில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

இந்தப் பழக்கங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், இன்னும் கொஞ்சம் நடந்தால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், ஆலோசகரைப் பாருங்கள். தேசிய மனநல உதவி எண் 1771, சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767, இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் இதற்குத் தடையாக நிற்பது வெட்கம். செங்காங்குக்குப் பக்கத்திலேயே, புவாங்கோக்கில் மனநலக் கழகம் இருக்கிறது. அதன் முன்னோடியாக 1928இல் இயோ சூ காங்கில் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு 1951இல் வுட்பிரிட்ஜ் என்று பெயர் வந்தது. 1993இல் அது இப்போதைய வளாகத்துக்கு மாறியது. ஒரு தலைமுறை வுட்பிரிட்ஜ் என்ற பெயரையே ஏச்சாக்கிப் பிள்ளைகளை மிரட்டியது. அந்த ஏச்சுக்குப் பயந்து எத்தனை பேர் வைத்தியம் பார்க்காமலே தவித்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுவதை வெளிப்படையாகச் சொல்லும் நம் அப்பா அம்மாக்கள், பதற்றத்துக்கு மாத்திரை போடுவதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? பெற்றோர்களே, உங்கள் பிள்ளை "எனக்கு முடியலை" என்று சொன்னால், "நாங்க படாத கஷ்டமா" என்று பதில் சொல்லாதீர்கள். "உட்காரு, சொல்லு" என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. உடம்பையும் மனத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதையும் ஊழியரின் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால் முதலாளி அதை உரிய முறையில் பரிசீலிக்க வேண்டும் என்ற முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தேவைப்படும்போது கேளுங்கள், கேட்பது சோம்பல் இல்லை.

சில ஆண்டுகளில் நீங்களும் மேற்பார்வையாளர் ஆவீர்கள், தலைமையாசிரியர் ஆவீர்கள், வார்டுக்குப் பொறுப்பாவீர்கள். அப்போது இரவு பத்தரைக்கு ஒரு செய்தி அனுப்பக் கை போகும். அனுப்பாதீர்கள், காலையில் அனுப்புங்கள். விடுப்பில் இருப்பவரை அழைக்காதீர்கள். முகம் வாடிய புதியவரிடம் வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவரைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் தூக்கத்தைக் காத்துக்கொள்ளக் கற்றவர்கள் நீங்கள்; உங்களுக்குக் கீழே வேலை செய்பவரின் தூக்கத்தையும் காப்பாற்றுங்கள். இன்று வாங்கும் பட்டத்துக்கு அதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.

நீண்ட காலம், நல்ல உடம்போடும் தெளிந்த மனத்தோடும் வாழ வாழ்த்துகிறேன்.